ஸ்கேனர் ட்ரேயில் ஒரு சாமைப் பை

போன தை மாதம் என் அண்ணன் மகளுக்குப் புனேயில் பிரசவம். செல்வி அண்ணிக்கும் அவருடைய சம்பந்தியம்மாவுக்கும் விமானம் புதிது என்பதால் துணைக்கு நான் போனேன். கச்சிராயபாளையத்தில் காலை ஆறு மணிக்குக் கார். வடக்கனந்தலில் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு, கள்ளக்குறிச்சி வழியாக விமான நிலையத்துக்குச் சுமார் 250 கி.மீ., ஐந்தரை மணி நேரம். வாடகை 6,500 ரூபாய், டோல் தனி.

வழியில் டீக்கடையில் அண்ணி என்னைத் தனியே இழுத்தார். மூன்று வருடம் முன்பு புற்றுநோயால் அவருக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்த நேரம், வெளியில் சொல்லவில்லை. அந்த இடத்தில் வைத்துக்கொள்ளக் கடையில் விற்கும் ரப்பர் மார்பு கரும்புக் காட்டு வெயிலில் வேகிறது என்று, கரியாலூரில் வாங்கிய சாமையைத் துணிப்பையில் தைத்து உள்ளே வைத்துக்கொள்வார். எடையும் சரியாக இருக்குமாம்.

“ஜெயா, அங்க ஏதோ வாசல் வழியா போவணுமாமே. அதுலயும் கரண்ட் வெப்பாங்களா? எனக்கு ஏற்கெனவே இருபத்தஞ்சு தபா வெச்சாச்சி.”

கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

“அது இரும்பு கிரும்பு இருக்கான்னு பாக்குற வாசல் அண்ணி. ஒடம்ப ஒண்ணும் பண்ணாது” என்றேன், பெரிய மேதாவி போல. தடவிப் பார்ப்பார்கள் என்பதைச் சொல்ல மறந்தேன். முட்டாள் நான்.

வாசல் சத்தமே போடவில்லை. அதைத் தாண்டித் திரைக்குள், காவலர் பெண்ணின் கையில்தான் தானியம் தட்டுப்பட்டது. அவர் கெட்டவர் இல்லை. விதிப்படி பையை ட்ரேயில் வைத்து எக்ஸ்ரேக்கு அனுப்பினார். மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றவரோ பையைத் தூக்கிப் பிடித்து, “இது யாருது?” என்று கத்தினார். பார்த்தாலே என்னவென்று தெரியும் வடிவம். சுற்றிலும் இருபது பேர்.

அண்ணி முந்தானையை இழுத்துப் பிடித்தபடி போய், “என்னுதுங்க” என்றார்.

முன்னமே சோதனை முடித்து நின்ற சம்பந்தியம்மா பையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். “இன்னா சம்பந்தி, எங்கிட்ட சொல்லக் கூடாதா?” என்று தோளில் கை போட்டு, திரும்பத் திரைக்குள் கூட்டிப் போனார்.

உங்களோடு வருபவருக்கு இப்படி ஏதாவது இருந்தால், முதலிலேயே காவலரிடம் மெல்லச் சொல்லித் தனியறை கேளுங்கள். மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். சோதனை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் அதே விமானத்தில்தானே ஏறுகிறேன். ஆனால் பார்ப்பது வேறு, ஊருக்கே காட்டுவது வேறு.

சம்பந்தி நல்லவராக இருந்ததால் தப்பித்தோம் என்று விமானத்தில் அண்ணியிடம் சொன்னேன்.

“நல்லவங்கதான் ஜெயா. கொழந்தயப் பாத்துட்டு நானே சொல்லலாம்னு இருந்தேன். இனிமே சொல்றதுக்கு இன்னா கீது?”