மின்விசிறி சுழலாத அறை

கரியாஹாட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, பவானிபூரிலிருந்து மிட்டாலி போன் செய்தாள். சாவித்திரியின் பக்கத்து வீட்டுக்காரி. "தீதி ஆர் நேய்" என்றாள். அக்கா இனி இல்லை. கையிலிருந்த கத்தரிக்காயைக் கூடையிலேயே திரும்பப் போட்டுவிட்டேன்.

சாவித்திரியோடு ஒரே கல்லூரியில் வரலாறு கற்பித்தவள் நான். அவளை அறிந்த உங்களுக்கு அவளுடைய முன்னறையும் தெரிந்திருக்கும். சிந்துவெளி முத்திரைகளிலுள்ள குறிகளை, முத்திரைக்கு ஒரு சீட்டாக வரைந்து, தரை முழுக்கப் பரப்பியிருந்தாள். எந்தக் குறியை அடுத்து எது வருகிறது என்று பார்த்துப் பார்த்துச் சீட்டுகளை நகர்த்துவாள். பறந்துவிடுமாம், மே மாதப் புழுக்கத்திலும் மின்விசிறி போட விடமாட்டாள். வந்தவர்களை வாசற்படியில் உட்கார்த்தி, கையில் ஓர் ஓலை விசிறியைக் கொடுப்பாள். அவளைத் திட்டிக்கொண்டே எத்தனை டீ குடித்திருப்போம்.

ஜாதவ்பூரில் ஒரு கூட்டம். பேச வந்தவர் ஜாடி போன்ற குறியைக் காட்டி, வேள்விக் கலசமேதான் என்று அடித்துச் சொன்னார். கைதட்டினார்கள். சாவித்திரி எழுந்தாள்.

"கேக்க அழகா இருக்கு சார். அதுக்காக உண்மையாயிடுமா?"

அப்படியானால் அது என்ன என்று அவர் மடக்கினார். "தெரியாது" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். சிரித்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம், "அர்த்தம் அப்புறம்டி. முதல்ல வரிசை பிடிபடணும்" என்றாள். தரையில் சீட்டுகள் இருக்கிறபடியே படமாவது எடுத்து வைப்போம் என்றேன். வரிசை முடியட்டும் என்றாள்.

மிட்டாலி போன் செய்த அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. தரையைத் துடைத்திருந்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று மிட்டாலிதான் சீட்டுகளை எடுத்திருந்தாள். சும்மா அள்ளவில்லை. முதலில் கண்ணில் பட்ட உருவத்தை வைத்து மீன் ஒரு கட்டு, ஜாடி ஒரு கட்டு, மனிதன் ஒரு கட்டு என்று பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். தீதியின் சீட்டு ஒன்றுகூடத் தொலையவில்லை என்று அழுதுகொண்டே சொன்னாள். அவளைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்வது.

கட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் பரப்பிப் பார்த்தேன். எந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்று தெரியவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது "தெரியாது" என்ற அந்த ஒரு சொல்தான். அவள் அதை ஆயுள் முழுக்கப் பாடுபட்டு அடைந்தாள். எனக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.