நிற்க மறுத்த சிலை

கவரைப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறவர்களில் யாராவது ஒரு நல்ல மனிதர் அவ்வப்போது வண்டியை நிறுத்தி, பஞ்சாயத்து அலுவலகத்தைத் தேடிப் பிடித்து, சாலையோரம் ஒரு சிலை விழுந்து கிடக்கிறதே, கேட்பாரில்லையா என்று முறையிட்டுவிட்டுப் போவதுண்டு. அங்கே இருக்கும் குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். "அது வுழல சார், படுத்துக்கினு கீது" என்பார். அந்தச் சிலையைச் செய்து வைத்த கமிட்டிக்குச் செயலாளராக இருந்தவன் நான். நிற்பதற்காகத்தான் அது செய்யப்பட்டது. அது படுத்தே இருப்பதற்குக் காரணம் என் அண்ணி. இதையெல்லாம் சொல்வதற்கு இன்று மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். மற்றவர்கள் இருந்திருந்தால் கதையில் என் பங்கை இவ்வளவு பெரிதாகச் சொல்ல விட்டிருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். நெல் வயல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் புகைபோக்கிகள் முளைத்துக்கொண்டிருந்தன. அண்ணன் இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் உலைக்கருகே வேலை பார்த்தான். செக்கச்செவேலென்று சீறிக்கொண்டு வெளியே வரும் கம்பியை நீளமான இடுக்கியால் கவ்வி அடுத்த உருளைக்குள் செருகவேண்டும். ஒரு கணம் கண் சொருகினால் கம்பி திசை மாறிச் சாரைப்பாம்பு போலக் காலைச் சுற்றிவிடும். அதே மில்லின் டைம் ஆபீஸில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று எழுதுவது என் வேலை. அதிலும் எனக்குக் களைப்பு வரும். வீட்டுக்கு வந்து நான் விடும் பெருமூச்சைக் கேட்டு அண்ணி, "இன்னா கொழுந்தனாரே, இன்னிக்குப் பேனா ரொம்ப கனமா இருந்துச்சா?" என்பாள்.

மில்லுக்கு எதிரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரே அறை, சிமெண்ட் ஷீட் கூரை. அண்ணன், அண்ணி, நான்கு பிள்ளைகள், கூடவே இலவச இணைப்பாக நான். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன் பகலில் அந்தக் கூரைக்குக் கீழே படுத்தால் அப்பளம் பொரிகிற மாதிரிப் பொரியவேண்டியதுதான். அதனால் காலை நாஷ்டாவை முடித்ததும் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த பஞ்சாயத்துத் திடலுக்குப் போய்விடுவான். அங்கே இரண்டு பெரிய மரங்கள் இருந்தன. இரண்டும் தூங்குமூஞ்சி மரங்கள், நான் இட்டுக்கட்டவில்லை. அவற்றின் நிழலில் இரவு ஷிப்ட் ஆட்கள் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். ஒரு கோடையில் திடலில் சில நாட்கள் திருவிழாக் கடைகள் போட்டுவிட்டார்கள். அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. அந்த வாரமே கம்பி அவன் கெண்டைக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்டதோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து அண்ணி அவன் தூக்கத்துக்குக் காவல் நின்றாள். ஐஸ் வண்டிக்காரன் அந்தத் திடலைக் கடக்கும்போது மட்டும் மணியைக் கையால் பொத்திக்கொண்டு போவான். அவனிடம் அண்ணி என்ன சொல்லியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவன் பயம் தெரியும்.

முதலாளி மெட்ராஸிலிருந்து மில்லைப் பார்க்க வரப்போகிறார் என்று செய்தி வந்தது. மேனேஜருக்கு அந்தத் திடல் உறுத்தியது. முதலாளி காரை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது லுங்கியும் பனியனுமாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் ஆட்கள் என்றால் கம்பெனியைப் பற்றி என்ன நினைப்பார்? திடலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, உள்ளே குரோட்டன்ஸ் செடி வைத்து, நடுவில் சம்மட்டியுடன் நிமிர்ந்து நிற்கும் ஒரு தொழிலாளி சிலை வைப்பது என்று திட்டம் போட்டார். இடம் பஞ்சாயத்துக்குச் சொந்தம். ஆகவே லைன் வீட்டு ஜனங்களே விரும்பிக் கேட்டதாக இருக்கட்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிவிட்டார். அதற்காக ஒரு சிலைக் கமிட்டி. பள்ளிக்கூட ஓவியப் போட்டியில் நான் வரைந்த மாம்பழத்துக்கு, அழகான கிளி என்று பாராட்டி ஆறுதல் பரிசு கொடுத்திருந்தார்கள். அந்தத் தகுதியில் நான் செயலாளர் ஆனேன்.

கமிட்டிக் கூட்டத்தில் நான் ஒரு படம் வரைந்து கொண்டுபோனேன். விரிந்த மார்பு, தோளில் சம்மட்டி, தூரத்தைப் பார்க்கும் கண்கள். முகம் மட்டும் எப்படியோ என்னுடையதாக அமைந்துவிட்டது. எல்லோரும் ஷோக்காக இருக்கிறது என்றார்கள். பின்னால் நின்றிருந்த அண்ணி மட்டும், "சிலை நிக்கட்டும், வாணான்னு சொல்லல. எங்கூட்டு ஆளு எங்க படுப்பாரு?" என்று கேட்டாள். நான்தான் எழுந்து, மனிதனுக்குக் கலையுணர்வு எவ்வளவு முக்கியம் என்று சிறிது நேரம் பேசினேன். "அது வந்தா தூக்கம் வருமா?" என்றாள். கூட்டம் இனிதே முடிந்ததாக நான் குறிப்பு எழுதினேன்.

சிலைக்காரரைக் கண்டுபிடித்ததும் நாங்கள்தான். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் சொல்லி முடிக்கும் கடைசி நாளில், வெளியில் துரியோதனனை மண்ணால் செய்து கிடத்துவார்கள். ஒரு பஸ் நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். கூத்தில் பீமன் வேஷம் கட்டியவர் வந்து அவன் தொடையில் அடிப்பார். திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் இந்தத் துரியோதனனைச் செய்வதில் பேர் போனவர். அந்த மீசையையும் மார்பையும் உருட்டிய விழியையும் பார்த்த கமிட்டிக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இவர்தான் ஆள் என்று ஒரே குரலில் முடிவு செய்தோம். மண்ணுக்குப் பதில் சிமெண்ட், அவ்வளவுதானே என்றோம். அவரும் அவ்வளவுதான் என்றார். படுக்கவைத்தே கட்டுகிறேன், காய்ந்ததும் உங்கள் மில்லில் இருக்கும் சங்கிலிக் கப்பியால் தூக்கி நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். அதில் உள்ள பொறியியல் நுட்பத்தை நான் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னேன்.

திடலைச் சுற்றி வேலிக்கல் நட்டார்கள். நடுவில் சிலை வேலை நடந்தது. படுக்க இடமில்லாமல் அண்ணன் வீட்டுக்குள் புரண்டான். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுப்பான், துண்டு காய்ந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்வான். சாப்பிடும்போது கை பாதி வழியில் நின்றுவிடும். அவன் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்து, அவன் கண்ணைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். கலையைப் பற்றி நான் பேசுவதை நிறுத்தியிருந்தேன்.

முதலாளி வருவதற்கு முதல் நாள் காலையில் சிலையை நிறுத்த நாள் குறித்தோம். மேனேஜரும் வந்திருந்தார். மூன்று கம்பங்களைக் கூம்பாகக் கட்டிக் கப்பி மாட்டி, கைகளுக்கு அடியில் சங்கிலி கொடுத்து இழுத்தார்கள். தலையும் தோளும் மெல்ல எழும்பின. நான் கைதட்டத் தொடங்கினேன். அப்புறம் பின்பக்கத்திலிருந்து செங்கல் ஜல்லியும் மண்ணும் பொலபொலவென்று கொட்டின. குனிந்து பார்த்த ஒருவர், "இன்னா நைனா, முதுகு எங்க?" என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். முதுகு இல்லை. முன்பக்கம் மட்டும் ஒரு மாவீரன், பின்பக்கம் குப்பைமேடு. சிலைக்காரர் எங்களைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார். "நான் பண்ண ஆளுங்க ஒருத்தரும் எழுந்ததே இல்லியே, நைனா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அத்தனை வருஷம் அத்தனை ஊரில் அந்தத் துரியோதனனைப் பார்த்த நாங்கள் யாருமே அவன் முதுகைப் பற்றி யோசித்ததில்லை.

மெதுவாக இறக்கிப் பழையபடி கிடத்தினார்கள். மேனேஜருக்கு முகம் உலை நிறத்துக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் இதை உடைத்து அள்ளிப் போட்டுவிட்டு வேலிக்கு மட்டுமாவது கம்பியைக் கட்டி முடியுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆட்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தபோது, சிலைக்குப் பக்கத்தில் இன்னொருவன் படுத்திருந்தான். அண்ணன். ஷிப்ட் முடிந்து வந்தவன், இத்தனை கூச்சலுக்கும் நடுவே மரநிழலைக் கண்டதும் அப்படியே சாய்ந்துவிட்டான். ஒரு கை தலைக்கடியில், வாய் லேசாகத் திறந்திருந்தது. கடப்பாரைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி தண்ணீர்க் குடத்தோடு அங்கே வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், சிலையைப் பார்த்தாள், மறுபடியும் அண்ணனைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"நைனா, கண்ணை மூடு" என்றாள். சிலைக்காரருக்குப் புரியவில்லை. "இந்த ஆளு கண்ணைத்தான் சொல்றேன். மூடு."

அவர் தயங்கினார். ஆயுசில் அவர் மூடிய கண் செய்ததில்லை. "மூடினா செத்தவன் மாதிரி ஆயிடும்மா" என்றார்.

"எங்கூட்டு ஆளைப் பாரு. செத்தா போயிட்டாரு? இவரைப் பாத்து மூடு."

சிலைக்காரர் அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிமெண்ட் குழைத்தார். உருட்டி விழித்த இரண்டு கண்களின் மேலும் இமை வந்து இறங்கியது. முறுக்கிய மீசையைத் தளர்த்தினார். உதட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டார். யுத்தகளத்தில் வீழ்ந்தவன் எங்கள் கண்ணெதிரே அலுத்துப்போய்த் தூங்குகிறவனாக மாறினான். என் முகத்தின் சாயல் எங்கேயாவது தெரிகிறதா என்று நான் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தேன். இல்லை. அண்ணனுக்குச் சிலை வைத்த கமிட்டிக்குத் தம்பி செயலாளர், அதுவும் அண்ணனுக்குத் தெரியாமலே.

சாயங்காலம் மேனேஜர் வந்தபோது லைன் வீட்டுப் பெண்கள் சிலையைச் சுற்றி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கற்கள் பிடுங்கி ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. தொழிலாளி என்றால் நிமிர்ந்து நிற்கவேண்டாமா என்று அவர் கத்தினார். "நிக்கிறவனைப் பாக்கணும்னா உங்க மில்லுக்குள்ள போய்ப் பாருங்க சார். எட்டு மணி நேரம் நின்னுக்கினுதான் கீறான். வெளிய வந்தா படுப்பான்" என்றாள் அண்ணி. புருஷனுக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று அவர் கேட்டார். நான் மெல்ல ஒரு மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அண்ணி புடைப்பதை நிறுத்தவில்லை.

"வேலை வேணும் சார். அதுக்குத்தான் தூக்கம் வேணும்."

முதலாளி பார்த்துக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அண்ணி அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் கார் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். கண்ணில் முதலில் பட்டது அதுதான். சிமெண்டில் ஒருவன், அவனுக்கு இருபுறமும் துண்டு விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நிஜமான உறக்கத்தில். கொஞ்ச நேரம் அவருக்கு எது சிலை, எது ஆள் என்று பிடிபடவில்லை. "இது என்னய்யா?" என்று உரக்கக் கேட்டார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் வந்தாள்.

"மெதுவா பேசுங்க சார். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவரு."

முதலாளி சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரும் ஒரு வீட்டில் தூங்கும் பிள்ளையைக் கடந்து நடந்து பழகியவர்தானே. ஓசைப்படாமல் நடந்து சிலையின் முகத்தருகே போய்க் குனிந்து பார்த்தார். மேனேஜரிடம் என்னவோ கிசுகிசுத்தார், மேனேஜரும் கிசுகிசுத்தார். யாரையும் அதட்டவேண்டுமானால் குரல் வேண்டும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கிசுகிசுப்பில் இடிக்கச் சொல்லவும் முடியாது, வேலி போடச் சொல்லவும் முடியாது. இருவரும் நுனிக்காலில் மில்லுக்குள் போனார்கள். வேலி அதற்குப் பிறகு வரவே இல்லை. அடுத்த வாரம் அண்ணனைப் பழிவாங்குவதாக நினைத்துத் தொடர்ந்து இரவு ஷிப்டே போட்டார் மேனேஜர். அண்ணி அதையும் ஏற்றுக்கொண்டாள். பகல் முழுவதும் தூங்கட்டுமே, இடம்தான் இருக்கிறதே என்றாள்.

அண்ணன் ஓய்வு பெறும் வரை உலையருகே நின்றான். கம்பி அவனை மறுபடி தொடவில்லை. அவன் போய், அண்ணியும் போய், மில்லும் மூடிவிட்டது. சாலை அகலமானதில் ஒரு மரம் போயிற்று, ஒன்று இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் இறங்கிப் பார்த்தேன். புதிதாக வந்த கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்கள் சிலையை ஒட்டி வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிமெண்ட் கையைத் தலையணையாக்கிக்கொண்டிருந்தான். மரத்தில் ஒரு புதுப் பலகை. இங்கே படுத்து உறங்குவது தடை செய்யப்பட்டுள்ளது என்று பெரிய எழுத்தில் எழுதி, அந்தச் சிலையின் தலைக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். மாட்டியவருக்கு ஏணி போட அந்த மார்புதான் வசதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வாழ்நாளில் ஒரு இரவு ஷிப்ட்கூடப் பார்க்காதவன் நான். அந்த இடத்தில் படுக்க எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டை விரித்து, பையன்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் படுத்தேன். பக்கத்துக் கம்பெனிக் காவல்காரர் ஓடி வந்து, "பெரியவரே, போர்டைப் பாக்கலியா?" என்றார்.

"பாத்தேன் தம்பி. எழுத்து நல்லா கீது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.