ரெக்கார்டு கழுவும் பெட்டியும் மச்சானின் பூட்டும்

அந்தப் பெட்டியை முதல்முதலாகப் பார்த்த அன்று என் கண்ணில் பட்டது அதன் பக்கவாட்டில் தொங்கிய பூட்டுதான். மரப்பெட்டி, மேலே இசைத்தட்டை வைத்துச் சுற்ற ஒரு வட்டு, அதன்மேல் வளைந்து நின்ற ஒரு பித்தளைக் குழல். ரெக்கார்டு கழுவுகிற இயந்திரம் என்றார் மச்சான். கழுவுகிற இயந்திரத்துக்குப் பூட்டு எதற்கு? அந்தக் கேள்வி அன்றைக்கே மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மச்சான் என் அக்காவின் கணவர். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அதே ஊரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். குஜிலியம்பாறையில் காதுகுத்து, வேடசந்தூரில் கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் குழாய் ஸ்பீக்கரையும் இசைத்தட்டுகளையும் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்தப் பக்கத்துக் காற்றில் ஒரு விசேஷம் முடிந்தாலே தட்டு முழுக்கச் செம்மண் ஏறிவிடும். போதாததற்குப் பந்தியிலிருந்து நேரே எழுந்து வந்து, 'இந்தப் பாட்டைப் போடுப்பா' என்று தட்டை எடுத்து நீட்டுகிறவர்களின் எண்ணெய்க் கை வேறு. வேட்டி நுனியை நனைத்துத் துடைப்போம். அழுக்கு, தட்டின் வரிப்பள்ளங்களுக்குள் இன்னும் வசதியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மச்சானுக்கு வழி தெரிந்தது ஒரு நூற்பாலையில். குடோனுக்குப் பூட்டு மாட்டப் போனவர், இயந்திரங்களில் படியும் பஞ்சுத் தூசியைக் குழாய் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்திருக்கிறார். தட்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அந்தத் தண்ணீரை அழுக்கோடு உறிஞ்சிவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான், பட்டறை வேலையை உதறிவிட்டு வீட்டின் பின்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒன்று செய்ததும் நிறுத்தவில்லை. விற்றுவிடும் என்ற நம்பிக்கையில் வரிசையாகச் செய்து அடுக்கினார். அவை விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமைக்கு அக்கா வந்துவிட்டாள்.

பூட்டுக்குக் காரணம் இருந்தது. முன்பு அவர் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த புதுமாதிரிப் பூட்டு ஒன்றை, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஒரு கூட்டாளி வாங்கிப் போனான். கொஞ்ச நாளில் அதே பூட்டு அவன் பெயரில் கடைகளில் தொங்கியது. அதிலிருந்து மச்சான் யாரையும் நம்புவதில்லை. பெட்டியின் அடிப்பாகத்தை மூடி, தானே செய்த பூட்டைப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அக்காவுக்குக்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இதில் ஒரு கூத்து உண்டு. உறிஞ்சிய அழுக்குத் தண்ணீர் சேரும் டின்னும் அந்தப் பூட்டுக்குள்ளேதான் இருந்தது. பெட்டியை வாங்குகிறவன் டின் நிறைந்தால் மச்சானுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் வந்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, திறந்து கொட்டுவார்; அதுதான் அவர் போட்டிருந்த திட்டம். பூட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு புத்தி போகாது.

எங்கள் ஊர் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சுற்றுவட்டார மைக் செட்காரர்களை நான்தான் அழைத்து வந்தேன். எல்லார் கண்முன்னாலும் மச்சான் ஒரு பழைய தட்டைக் கழுவிப் போட்டுக் காட்டினார். கரகரப்பு மருந்துக்கும் இல்லை. குஜிலியம்பாறையிலிருந்து வந்த பெரியவர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"ஏப்பா, சத்தம் கொறஞ்சு போச்சே?"

"அது சத்தம் இல்லண்ணே, அழுக்கு," என்றார் மச்சான்.

"அழுக்கோ என்னமோ, தட்டுல முள்ள வச்சதும் கொழாயில கரகரன்னு கேக்கணும். அதக் கேட்டுத்தான் காட்டுல இருக்கவன் செட்டு போட்டாச்சுன்னு வேட்டிய மாத்திக் கெளம்புவான். அது சரி, உறிஞ்சுனது எங்க போகுது?"

"உள்ள டின்னுக்கு."

"எங்க, தொறந்து காமிங்க."

"அது முடியாதுண்ணே."

"அழுக்குத் தண்ணிக்கு எதுக்குய்யா பூட்டு?"

என் கேள்வியேதான். மச்சான் அரைஞாண் கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு மண்டபத்தில் கேட்டதெல்லாம் குசுகுசுப்புதான். அந்தக் குழல் அழுக்கோடு பாட்டையும் உறிஞ்சுகிறது என்றார் ஒருவர். இன்னொருவர் விவரமானவர்: உள்ளே டேப் ரிக்கார்டர் ஒளித்திருக்கிறது, கழுவுகிற சாக்கில் நம் பாட்டையெல்லாம் பிடித்துக் கேசட் போடப் போகிறார் என்றார். கேசட்டுகள் கடைகளில் தலைகாட்டத் தொடங்கியிருந்த சமயம். ஒருவரும் வாங்கவில்லை. நானும் யோக்கியன் இல்லை; மச்சான் வீட்டுக்குத் திரும்பியதும் அவர் அசந்த நேரம் பார்த்துப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன்.

அன்று அக்கா அழுதேவிட்டாள். "ஒரே ஒரு தடவ தொறந்து காமிங்களேன். அம்புட்டுப் பேரும் வாங்கிருவாக."

"அம்புட்டுப் பேரும் செஞ்சிருவாங்க," என்றார் மச்சான். "மொதல்ல செய்யிறது உன் தம்பியாத்தான் இருக்கும்."

நான் வாசற்படியில் நிற்பது தெரிந்தேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கூட்டம் சேர்த்துக் கொடுத்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? ரொம்ப நாள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அதற்குள் ஊரெல்லாம் கேசட் வந்துவிட்டது. நானும் அதற்கு மாறிவிட்டேன். கழுவத் தட்டுகளே இல்லாமல் மச்சானின் பெட்டிகள் பழைய மர விலைக்குப் போயின. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். பட்டறைக்குத் திரும்ப ரோஷம் விடவில்லை. ஒரு மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்து, வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

போன வருடம் மச்சான் இறந்துபோனார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்றாள் அக்கா. வீடு முழுக்கத் தேடியும் சாவி இல்லை; அரைஞாண் கயிற்றோடு அவர்கூடவே போயிருக்க வேண்டும். பழைய பட்டறை ஆள் ஒருவரை அழைத்து வந்தேன். காலை முழுக்க மல்லுக்கட்டியும் பூட்டு அசையவில்லை. கடைசியில் கீலை உளியால் பெயர்த்துத்தான் திறந்தோம்.

மில்லில் கழித்துப் போட்ட மோட்டார் ஒன்று. ஒரு துண்டு ரப்பர் குழாய். பெயிண்ட் டின். அதன் அடியில் காய்ந்து வெடித்துக் கிடந்த செம்மண்.

அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்து பார்த்தாள். "இம்புட்டுத்தானாடா?" என்றாள். "இதக் காமிக்க முடியாமத்தானா எங்கள அந்தப் பாடு படுத்துனாரு?"

பார்த்த மாத்திரத்தில், எதை எதோடு எப்படி மாட்ட வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே பார்த்திருந்தால் அடுத்த வாரமே நான் ஒன்று செய்திருப்பேன்.