பத்து மணிக்குக் களவுபோன அடையாள அட்டை

பதுளை பொலிஸ் நிலையத்துக்கு எதிரே குடை விரித்து உட்கார்ந்து முறைப்பாடு எழுதிக் கொடுப்பார் அவர். முன்பல் இரண்டும் கிடையாது. தன் அடையாள அட்டையைச் சட்டைக்குள் ஊக்கால் குத்திவைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைத் தட்டிப் பார்த்துக்கொள்வார். இருதய நோயாளி என்றே முதலில் நினைத்தேன்.

அது யுத்த காலம்; அடையாள அட்டை இல்லாமல் பிடிபட்டால் உள்ளே தள்ளிவிடுவார்கள். ஹாலிஎல பஸ்ஸில் என் பர்ஸ் அடையாள அட்டையோடு போய்விட்டது. முறைப்பாடு எழுத அவரிடம் போனேன்.

"காசு கெடக்குது, விடுங்க மாஸ்டர். ஒங்க கார்ட காட்டி எவனாச்சும் கொழும்புல ரூம் எடுத்தா, உள்ள போறது நீங்கதான். எத்தன மணிக்குப் போச்சு?"

"பத்து இருக்கும்."

"பத்து மணிக்குக் களவு போச்சுன்னு எழுதிட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கார்டு என்ன பண்ணினாலும் அது நீங்க இல்லீங்க."

புது அட்டை வந்த மறுவாரம், என் மழைக்கோட்டின் கிழிந்த உள்துணிக்குள் பர்ஸ் அகப்பட்டது. சந்தோஷத்தில் அவரிடமே ஓடிப்போய்ப் பழைய அட்டையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மொதல்ல உள்ள வைங்க! நான் எழுதுனபடி பாத்தா, இத கையில வச்சிருக்கவன்தான் களவாணி."

அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தேன். எதிரே வாசலில் நின்ற பொலிஸ்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். முறைப்பாடு எழுதியவரும் நானும் ஒரே நேரத்தில் நெஞ்சைத் தட்டிக்கொண்டோம்.