மூன்று கதவுகளுக்கு அப்பால்

காரைக்காலில் நான் உதவியாளாக இருக்கும் பள்ளியிலிருந்து, தொலைதூர ஆய்வகத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பிள்ளைகள் இணையம் வழியே இயக்கினார்கள். அங்கே அந்தக் கருவியைக் கவனித்துக்கொண்ட பெண்ணைத் திரையில்தான் பார்த்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அடிக்கடி வெற்றுச் சுவரையே பார்ப்பார்.

எலுமிச்சைச் செடியில் பிடித்து நான் அனுப்பிய இரண்டு புழுக்களில் ஒன்றின் கால்கொக்கிகள் திரையில் பெரிதாகத் தெரிந்தன. பிள்ளைகள் போனதும் கூச்சத்தோடு கேட்டேன்.

"இன்னொண்ணு என்னாச்சுங்க?"

"கூடு கட்டிடுச்சுக்கா. உள்ள ரெக்கை தெரியுது. வெளிய வர்றதுக்குள்ள, மைக்ராஸ்கோப்புல பாக்க நாளைக்கு அறுக்கணும்."

"விட்டுடக் கூடாதுங்களா?"

"இங்க ஜன்னலே இல்ல. வெளிய போக மூணு கதவு தாண்டணும். டீ குடிக்கவே என்னைய விடமாட்டாங்க, பூச்சிய எங்கக்கா விடுறது?" என்று சிரித்தார்.

மறுநாள் திரையில் காலி நாற்காலி மட்டும் இருந்தது. மேசையில் அறுக்கவேண்டிய கூட்டையும் காணோம்.

"மேடம் எங்கே?" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

நான் மனதுக்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தேன்.