‘ம்’ கொட்டத் தெரிந்தவனும் மொரிஸின் குடையும்

ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தாராம்; அவருடைய சபையில் கதிரை அடுக்கவும் ஒருவன் இருந்திருப்பான், ஆனால் அவனைப் பற்றி ஒருவரும் கதை சொல்வதில்லை. அந்த ஆள் நான்தான். லண்டனின் வடக்கே ஒரு யூத சமூக நிலையத்தில் ‘நிகழ்ச்சி உதவியாளர்’. பெயர்தான் பெரிது. ஹீப்ரு வகுப்புக்குக் கதிரைகளை வட்டமாகப் போட வேண்டும், யிட்டிஷ் மொழிப் பாட்டுக்கு வரிசையாக, சீட்டாட்டத்துக்கு நாலு நாலாக. எந்தக் கோயில் ஹோலிலாவது கதிரை தூக்கி இடுப்புப் பிடித்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

தெற்கே, நான் இருக்கிற கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறினால் அதே லைனில் கடைசிக்குக் கிட்டப் போய் இறங்குவேன். அங்கே எனக்கு எல்லாமே புதினம். அவர்கள் பேசுவது இங்கிலீசு. என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

வாசல் காப்பவர்

எங்கள் வாசலில் நிற்பவர் சூசை அண்ணை, மன்னார்க்காரர். வருகிறவர் எல்லோருடைய பையையும் பார்ப்பார். தினமும் வருகிற என்னுடைய சாப்பாட்டுப் பெட்டிக்கும் விலக்கில்லை. ஒருநாள், யூதரின் பாஸ்காப் பண்டிகை விருந்து எப்படி நடக்கும் என்று அக்கம்பக்கத்தாருக்குக் காட்டும் நிகழ்ச்சி வந்தது. அதில் ஒரு கட்டத்தில் எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கிண்ணத்தில் வைன் ஊற்றி வைத்துவிட்டு, அவர் உள்ளே வரக் கதவைத் திறக்க வேண்டும். திறப்பது என் வேலை.

“கதவைச் சும்மா திறந்து விட ஏலாது” என்றார் சூசை அண்ணை. வருகிறவர் தீர்க்கதரிசி, வருசா வருசம் திறக்கிறார்கள், இன்னும் வரவில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவர் கதவை ஒரு சாண் திறந்து, தானே இடைவெளியில் நின்றுகொண்டார்.

“எலியாவை எனக்கும் தெரியும் தம்பி, பைபிள்ல படிச்சனான். வரட்டும், ஆனா பையைத் திறந்து காட்டிப்போட்டுத்தான் உள்ள போகலாம்.”

வியாழக்கிழமைச் சண்டை

வியாழன் மாலையில் ஜோடிப் படிப்பு. ஹெவ்ருதா என்பார்கள். பழைய சட்டம் ஒன்றை எடுத்து, இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே இருந்து வாசிப்பது. யன்னலோர மேசை ரூத்துக்கும் மொரிஸுக்கும். ரூத் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மொரிஸ் கறுப்பு டாக்ஸி ஓட்டி ஓய்ந்தவர். அந்த மாதம் அவர்கள் படித்தது, வழியில் கண்டெடுத்த பொருள் பற்றிய சட்டம். தொலைத்தவன் ‘இனிக் கிடைக்காது’ என்று நம்பிக்கை விட்டுவிட்டால் பொருள் எடுத்தவனுக்கே சொந்தமாம்.

“நீர் வாசிக்கிறீரோ, இல்லாட்டி ரோட்டைப் பார்த்து ஓட்டுறீரோ?” என்று ரூத் கத்துவார். மொரிஸ் மேசையில் குத்துவார். நான் கொண்டுபோன தேத்தண்ணி தட்டில் தளும்பும். எங்கள் வீட்டில் அப்பப்பா கதை சொன்னால் கேட்கிறவன் ‘ம்’ கொட்ட வேண்டும்; ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். பெரியவர்கள் இரண்டு பேர் இப்படிக் குரலை உயர்த்தினால், பிறகு கலியாண வீட்டில்கூட முகம் பார்க்க மாட்டார்கள். ஒரு வியாழன் வெளியே போகும்போது மொரிஸ் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“அடுத்த வியாழனும் இந்த மனுசியோட மல்லுக்கட்ட வேணுமே!”

சமாதானம்

பாவம் மனுசன் என்று நினைத்தேன். கதிரை போடுகிறவனுக்கு இதுகூடச் செய்ய ஏலாதா? அடுத்த வியாழன் மொரிஸை மூலை மேசையில், புதிதாக வந்திருந்த மிக மரியாதையான ஒருவருக்கு எதிரே இருத்தினேன். ரூத்துக்கு ஆள் இல்லாமல் போனதால் நானே முன்னால் இருந்தேன். அவர் வாசித்தார், நான் ‘ம்’ என்றேன். விளக்கினார், ‘ம்’. ஹோல் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி அமைதி. உள்ளுக்குள் எனக்குப் பெருமை வேறு. தேத்தண்ணி நேரத்தில் பார்த்தால் மொரிஸ் போய்விட்டிருந்தார். கதிரையில் அவருடைய குடை மட்டும் தொங்கியது. எடுத்து அலுமாரியில் வைத்தேன்.

ரூத் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான் சொல்றதுக்கெல்லாம் நீ ‘ம்’ எண்டால் நான் தனியத்தானே இருக்கிறன்? தனிய இருக்கிறதெண்டால் எனக்கு வீட்டிலயே கதிரை இருக்கு.”

மரியாதை

அடுத்த வியாழன் மொரிஸ் வரவில்லை. மனைவி கண்ணை மூடிய பிறகு அவர் வீட்டை விட்டு ஆட்களோடு பேச வருவது இந்த ஒரு மாலைக்குத்தான் என்று அன்றுதான் ரூத் சொன்னார். மறுநாளே மொரிஸுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். “ஒன்றுமில்லை, நீ நல்ல பிள்ளை” என்றார். கோபித்த சொந்தக்காரர் திடீரென்று மரியாதையாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். குடையை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறேன் என்றேன்.

“வேண்டாம். அந்தக் குடையில நான் நம்பிக்கை விட்டிட்டன். நீயே வைச்சிரு.”

ரூத் சொன்ன மருந்து

அதற்கடுத்த வியாழன் ரூத் நேரத்தோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அனுதாபப்படுவார் என்று பார்த்தால் கண் மின்னியது.

“எப்ப நம்பிக்கை விட்டவராம்? நீ எடுக்க முன்னமோ, எடுத்த பிறகோ?”

“எடுத்த பிறகு... போனில்தான் சொன்னார்.”

“அப்ப சட்டப்படி அது உன்ர இல்லை! எடுக்க முன்னம் விட்டிருந்தால்தான் உனக்கு. இப்பவே போன் எடு. மன்னிப்புக் கேட்காதை, கேட்டால் மன்னிச்சுப்போட்டு வீட்டிலயே இருப்பார். நீர் சொல்றது பிழை எண்டு சொல்லு.”

பெரியவர் ஒருவரைப் பார்த்துப் பிழை என்று நான் எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை. ஆனாலும் போனை எடுத்தேன். “மிஸ்டர் மொரிஸ், நீங்கள் சொன்னது பிழை. நான் குடையை எடுத்த பிறகுதான் நம்பிக்கை விட்டீர்கள்.” “இது ரூத்தின்ர கதை” என்றார் மொரிஸ். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “கைப்பிடியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறது. இது என் கதை. பெயர் ஒட்டிய பொருளில் யாராவது நம்பிக்கை விடுவார்களா?” என்றேன். அதற்கு மொரிஸ் சொன்னது ஒன்றுதான்:

“கதிரையைப் பழைய இடத்தில போடு.”

கடைசி ஆள்

அன்றைக்கே மொரிஸ் மழையில் நனைந்தபடி வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. “லண்டனில குடையை விட்டவன் விட்ட நிமிசமே நம்பிக்கை விட்டவன்! பெயர் ஒட்டினால் என்ன, படம் ஒட்டினால் என்ன!” என்று மேசையில் குத்தினார். “டாக்ஸியில ஆக்கள் விட்ட குடையெல்லாம் உம்மட வீட்டில இருக்கு, அதுதான் இந்தச் சட்டம் சொல்றீர்” என்றார் ரூத். “நீ என்ன சொல்றாய்?” என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். பழக்கதோசத்தில் ‘ம்’ என்றேன். அந்த ஒரு தடவைதான் அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று ஒருவரைத் திட்டியது.

மற்ற எல்லோரும் போன பிறகும் வாசலில் நின்று வாதாடினார்கள். குடையை எடுத்தால் தோற்றதாகிவிடும் என்று மொரிஸ் அதைத் தொடவே இல்லை. கடைசியில் ரூத் தன் மடக்குக் குடையை விரித்தார். கைப்பை அளவுக் குடை. அதற்குள் இரண்டு பேரும், ஆளுக்கு ஒரு தோள் நனைய, பஸ் தரிப்பிடம் வரை கத்திக்கொண்டே போனார்கள். மொரிஸின் குடை இன்னும் என் கையில். சூசை அண்ணை வாசல் விளக்கடியில் நின்று பார்த்தார்.

“ஒரு குடைக்குள்ள ரெண்டு பேர் போயினம் தம்பி. உன்ர சமாதானத்தால இதைச் செய்ய ஏலுமே?”

சொல்லிவிட்டு அவரும் கேற்றைப் பூட்டிக்கொண்டு நடந்தார். கதிரை அடுக்குகிற என் இனத்தாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான் — இரண்டு கதிரைகளை எதிரெதிரே போடுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது, நடுவில் மூன்றாவதாக ஒன்றைப் போட்டு நாம் இருந்துவிடக் கூடாது.