என் வில், அவள் விரல்

அந்த வீடியோவை முதலில் பார்த்தவள் நான் இல்லை. அம்மாவின் தோழி பார்த்து, அபுதாபியில் இருக்கும் அவர் மகனுக்கு அனுப்பி, அவன் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, பிறகுதான் என்னிடம் வந்து சேர்ந்தது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குக் கல்லூரி போகும் பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். திரையில் நான்தான். தோளில் என் பழைய பிடில். காதில் விழுந்தது மட்டும் வேறு ஏதோ வயலின்.

அந்தப் பிடில் காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் பீங்கான் ஜாடிகளுக்கு நடுவில் கிடந்தது. இப்போதைய வயலின்களில் மோவாயைப் பதித்துக்கொள்ள ஒரு கட்டை இருக்குமே, அது இதில் கிடையாது. கழுத்தும் குட்டை. நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படிப்பவள், ஒன்று பிடித்துவிட்டால் அதன் அடிவரை தோண்டாமல் தூங்கமாட்டேன். தேடித் தேடிப் படித்ததில் தெரிந்தது, இது பிறந்த காலத்தில் இரும்புத் தந்தி பிடிலுக்கு வந்திருக்கவில்லை. ஆட்டுக் குடலைக் காயவைத்துத் திரித்த நரம்புத் தந்திதான். நம் ஊர் வித்வான்களே ஒரு காலத்தில் அதில்தான் வாசித்திருக்கிறார்கள்.

“ஆட்டுக் கொடலா?” என்றார் அம்மா. “கொழம்பு வைக்கிறத வச்சுப் பாட்டு வாசிக்கப் போறியாத்தா? செவ்வா, வெள்ளி அதத் தொட்டுட்டு சாமி ரூம் பக்கம் வந்துராத.”

தந்தியை வரவழைத்துத் தந்தவள் என் தோழி. அறந்தாங்கிக்காரி. புதுக்கோட்டையில் ஒரே வகுப்பில், ஒரே பாயில் உட்கார்ந்து வயலின் கற்றவர்கள் நாங்கள். என்னைவிட நன்றாக வாசிப்பாள். அதை நானே எல்லோரிடமும் சொல்லித் திரிவேன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அவள் அண்ணன்தான் தந்தியைக் கொண்டுவந்தார். “ஏர்போர்ட்ல தொறந்து காட்டச் சொன்னா என்னத்தச் சொல்றது, மட்டன்னா?” என்று எங்கள் இருவரையும் ஓட்டினார்.

நரம்பு ஏற்றியதும் பிடிலின் குணமே மாறிவிட்டது. சத்தம் சின்னது. லேசான கரகரப்பு. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுவது போல இருக்கும். சுருதியைக் கொஞ்சம் ஏற்றினால் அறுந்துவிடும். வெயிலுக்கும் மழைக்கும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளும். அதில் நான் வாசிக்க ஆசைப்பட்டது நோட்டு, அதாவது நோட்டுஸ்வரம். வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டுகளும் பிடில்காரர்களும் வாசித்த மெட்டுகள் நம்மவர் காதில் விழுந்து, நம் பிடிலில் ஏறி, சங்கராபரணத்தில் உட்கார்ந்துகொண்டவை. சின்னச் சின்ன உருப்படிகள். இப்போது குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும்போதுதான் எடுப்பார்கள். அந்த மெட்டுகளை அந்தக் காலத்துத் தந்தியில் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அதைக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு நாலு பேரைக் கேட்கவைக்கவும் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் தோழியைத்தான் பார்ப்பேன்.

“எப்படிடி இருக்கு?”

“சூப்பர்டி. இதக் கேட்டுட்டு என் வயலினக் கேட்டா தகரத்தத் தேய்க்கிற மாதிரி இருக்கு.”

நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்?

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் என் சித்தப்பா பார்த்துக்கொள்ளும் மண்டபம் காலியாகக் கிடந்தது. அங்கேதான் வீடியோ எடுத்தோம். மைக், லேப்டாப் எல்லாம் அவளுடையவை. நோட்டின் நடுவில் இரண்டாம் தந்தி இளகிவிட்டது. வில்லைத் தூக்கி, தந்தியை இறுக்கும் பிரடையைத் திருகிச் சரிசெய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறேன் என்றதற்கு, “விடுடி, எடிட்டிங்ல நான் பாத்துக்கிறேன்” என்றாள். எனக்குக் காட்டாமலே யூடியூபில் போட்டும்விட்டாள்.

பஸ்ஸில் பார்த்தபோது அந்த இடத்தில் மண்டபத்து ஜன்னல்கள் வந்தன. இசை நிற்கவே இல்லை. தந்தி இளகவும் இல்லை. கணீரென்று, வழவழவென்று போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் ஏதோ செய்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு மெட்டு மத்யமத்தில், ‘ம’ சுரத்தில், வந்து நின்றது. நோட்டில் சுரங்களை அசைக்கக் கூடாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நிற்க வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் அது வந்துவிடும். என் தோழிக்கு மட்டும் மத்யமத்தில் விரல் சும்மா இருக்காது, கொஞ்சம் ஆடிவிடும். “நோட்டுக்கு ஊஞ்சல் கட்டாதம்மா” என்று டீச்சர் அலுத்துக்கொள்வார். வீடியோவில் அந்த மத்யமம் ஆடியது.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போன் போட்டேன்.

“நீதான வாசிச்சிருக்க?”

“கண்டுபிடிச்சுட்டியா!” சிரித்தாள். விளையாட்டில் மாட்டிக்கொண்டவள் சிரிக்கும் சிரிப்பு. “ஒனக்காகத்தான்டி. நீ வாசிச்சது ரெக்கார்டிங்ல எடுபடவே இல்ல. கரகரன்னு, எங்கிட்டோ ரேடியோ பாடுற மாதிரி. நானே வாசிச்சு ஒன் வில்லுக்குப் பொருத்தி வச்சேன். எவ்ளோ கஷ்டம் தெரியுமா?”

“என்கிட்ட நல்லாருக்குன்னு சொன்னியேடி.”

“நீ அம்புட்டு ஆசையா மூஞ்சியப் பாப்ப. வேற என்ன சொல்லச் சொல்ற?”

பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அவள் என் வாசிப்பை மாற்றியதைக்கூட ஒருவிதமாக விழுங்கியிருப்பேன். இத்தனை மாதமாக அவள் சொன்ன ஒவ்வொரு ‘சூப்பரை’யும் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எது நிஜம்? ஒன்றாவது நிஜமா?

வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். “எடுத்தா ஏன்னு எல்லாரும் கேப்பாங்கடி” என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் புதுக்கோட்டையில் மாதம் ஒரு கச்சேரி நடத்தும் சபாக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார். பெரியவர்கள் கச்சேரிக்கு முன்னால் கால் மணி நேரம், அதே பழைய பிடிலில், அதே நோட்டு. நான் கனவு கண்ட வாய்ப்பு, பொய்யில் ஏறி வந்து வாசலில் நின்றது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரே ஒரு ஹால் முழுக்க ஆட்கள் இந்த நரம்பின் நிஜச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

“நரம்புலதான் வாசிப்பேன். வீடியோல இருக்கிறது நான் வாசிச்சது இல்லன்னு மொதல்லயே சொல்லிருவேன்” என்று அவளிடம் சொன்னேன்.

“லூசாடி நீ?” என்றாள். ஆனாலும் வந்தாள். பட்டுப் பாவாடை தாவணியில், முதல் வரிசையில்.

மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். “நீங்க எல்லாரும் பாத்த வீடியோல கேக்குறது என் வாசிப்பு இல்லைங்க. இந்தப் பிடில் சத்தமும் இல்ல. நெசமான சத்தத்த இப்பத்தான் கேக்கப் போறீங்க.”

சபாக்காரர் எழுந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். “பாத்தீங்களா? இந்த வயசுல எவ்வளவு அடக்கம்! அது நான் இல்ல, வித்தைதான்னு சொல்லுது பொண்ணு.” ஹால் கைதட்டியது. முதல் வரிசையும் தட்டியது. நான் அவளையே பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தால் போதும். அவளும் என்னையே பார்த்துக்கொண்டு, தட்டிக்கொண்டிருந்தாள்.

வாசித்தேன். சீலிங் ஃபேன் சத்தத்தை மீறி நரம்பால் மூன்றாவது வரிசைக்குப் போக முடியவில்லை. “சவுண்ட ஏத்துப்பா” என்று யாரோ சொல்ல, மைக் செட்காரர் ஏற்ற, ஸ்பீக்கர் கூவியது. ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், வேர்த்துக்கொட்டுதே என்றார்கள். நோட்டு முடிந்தபோது பாதிப் பேருக்கு முடிந்ததே தெரியவில்லை.

“வீடியோல கணீர்னு இருந்துச்சேம்மா” என்றார் சபாக்காரர், நிஜமான அக்கறையுடன். “ஒடம்புக்கு முடியலையா?”

அறந்தாங்கி பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். எப்போதும் சேர்ந்துதான் ஏறுவோம். கச்சேரி முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவள் வருத்தமாக, நிஜமாகவே வருத்தமாகச் சொன்னாள்:

“சொன்னதுதான் சொன்ன, அத யாரு வாசிச்சதுன்னும் சேத்துச் சொல்லிருக்கலாம்லடி?”

நின்றுவிட்டேன். பயத்தில் அவள் எழவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். பெயரைச் சொல்வேன் என்று பட்டுத் தாவணியில் காத்திருந்திருக்கிறாள்.

“நீயே எந்திரிச்சுச் சொல்லிருக்கலாமே?”

“நானாச் சொன்னா நல்லாவா இருக்கும்?”

பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறினாள். ஜன்னல் வழியே கையசைத்தாள். “வாடி, சீட்டுப் போட்டு வச்சிருக்கேன்.”

“நீ போ. நான் அடுத்ததுல வாரேன்.”

“கோவமாடி?”

“ஆமா” என்றேன். அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் போட்டிருந்த கைக்குட்டையை எடுத்து மடித்தாள். அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.